ரெண்டு வருசத்து வெப்ராளம்

எங்கள் பக்கத்தில் அதற்கு வெப்ராளம் என்று பெயர். நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், இருக்கவும் முடியாது, எழுந்து நிற்கவும் முடியாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் வரும், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு விறகு தேடுகிறவளுக்கும் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். எனக்கு வந்தது போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு ஆடி மாதக் கடைசியில் வந்து, ஐம்பத்தாறு புரட்டாசி வரை, சொல்லாமல் வந்த சொந்தக்காரி மாதிரி என்னோடேயே தங்கிவிட்டது.

அந்த ஆடியில் எங்கள் பகுதி இன்னும் மலையாளத்து ராஜ்யத்தோடுதான் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டமும் ஊர்வலமும் நடந்த காலம். என் வீட்டுக்காரர் தக்கலையில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நாங்கள் இருந்தது தோவாளைக்குப் பக்கத்தில். காலையில் நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தக்கலைக்கு இன்னொரு பஸ் என்று போவார். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள் மத்தியானம் பஸ் எல்லாம் நின்றுபோனது. சைக்கிளில் வந்த ஒருவன், தக்கலைப் பக்கம் போலீஸ் சுட்டதில் ஆள் விழுந்துவிட்டது என்று சொன்னான். எத்தனை பேர், யார் என்று நாங்கள் கேட்பதற்குள் மிதித்துப் போய்விட்டான். அன்று அவர் வரவில்லை. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் நடந்தே வந்து சேர்ந்தார். சட்டைக் கையில் ரத்தம்.

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. பக்கத்துல நின்ன ஆளுக்க ரெத்தம்" என்றார்.

வரும் வழியில் முள் கீறியது என்று கையில் ஒரு கட்டு, அதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்குத்தான். அந்தச் சட்டையை வாய்க்கால் கல்லில் போட்டு அடிக்கும்போது நெஞ்சும் அடிக்க ஆரம்பித்தது. சட்டை ஒருவழியாக வெளுத்தது, நெஞ்சு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் அவருடைய மதிப்பே வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேர் வந்து உட்கார்ந்து அன்றைய கதையைக் கேட்பார்கள். கூட்டம் எப்படி நின்றது, வெடி எப்படிக் கேட்டது, பக்கத்தில் நின்றவன் எப்படிச் சரிந்தான், இவர் எப்படி அவனைத் தோளில் தாங்கினார் என்று அவர் சொல்லுவார். சுக்குக் காப்பியோடு நான் கதவருகில் நிற்பேன். வெடிச் சத்தம் வரும் இடத்தில் எனக்குக் கை நடுங்கித் தம்ளரில் காப்பி தளும்பும். அதைப் பார்த்து அவர் சிரிப்பார். "இவ ஒரு பயந்தாங்கொள்ளி டீச்சரு. நான் அங்க நிக்கேன், இவ இங்க கெடந்து நடுங்குதா" என்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் போதும், அடுப்பில் என்ன இருக்கிறது என்றுகூட மறந்துவிடும். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவேன். கேட்காவிட்டால் இன்னும் மோசம். அவர் தலை தெரிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அடங்காது. நாளடைவில் பள்ளிக்கூடத்திலும் வர ஆரம்பித்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், காரணமே இல்லாமல் நெஞ்சு ஓடும். பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டாமல், எழுதினதையே அழித்து அழித்து எழுதுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலே அப்படித்தான் இருந்தது.

இப்படி ரெண்டு வருசம் ஓட்டினேன். ஐம்பத்தாறில் எங்கள் தாலுக்கா எல்லாம் நவம்பரில் தமிழ்நாட்டோடு சேரப்போவது உறுதியாயிற்று. ஊர் முழுக்கச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் என் வேலை தற்காலிக வேலை. நவம்பருக்குள் நிரந்தரம் ஆகாதவர்களைப் புது சர்க்கார் வைத்துக்கொள்ளுமோ விட்டுவிடுமோ, யாருக்கும் தெரியவில்லை. புரட்டாசி பிறந்ததும் ஒரு கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்குள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் உடம்பைக் காட்டி, தகுதிச் சான்று வாங்கிக் கொடுத்தால் நிரந்தரம் என்று எழுதியிருந்தது.

வேறு யாருக்காவது அது பாயசம் குடித்த மாதிரி இருந்திருக்கும். எனக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: டாக்டர் நாடி பிடிப்பாள். பிடித்த உடனே இந்த நெஞ்சு ஓடும். ஓடினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று நான் சொன்னால், கிறுக்கு என்று எழுதிவிடுவாள். அந்த வேலை எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் கரும்பலகை முன்னால் சாக்கட்டி பிடித்து நின்ற முதல் பெண் நான். அதைச் சும்மா விட நான் என்ன பைத்தியமா என்று எனக்குள் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

மருந்து தேடினேன். வெளியே சொல்ல முடியாத நோய்க்கு நாமே வைத்தியர். விடியற்காலையில் எழுந்து வயல் வரப்பில் நடந்தேன். சீரகத்தைக் கொதிக்கவைத்துத் தண்ணீருக்குப் பதில் அதையே குடித்தேன். வாய்க்கால் கரையில் கிடந்த வல்லாரையைப் பறித்து தினமும் துவையல். அவர் மூன்றாம் நாளே, "ஏட்டி, நான் ஆடா மாடா?" என்று கேட்டார். கைநடுக்கம் நிற்க, பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்து சந்தைக்குப் போகிற பிச்சிப்பூவைத் தொடுத்தேன். அது கொஞ்சம் கேட்டது, ஒவ்வொரு பூவாக எண்ணி வைக்கும்போது நெஞ்சு சற்றே தணியும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் நல்லதுதான். ஆனால் பெண்பிள்ளைகள் செவ்வாயும் வெள்ளியும் குளிக்கிற ஊரில் நான் திங்களும் புதனும் எண்ணெய்த் தலையோடு கிணற்றடிக்குப் போனால் கேட்கமாட்டார்களா? உஷ்ணம் என்றேன். எங்கள் ஊரில் சொல்ல முடியாத எதற்கும் உஷ்ணம் என்றால் போதும்.

இதெல்லாம் போதாது என்று நாகர்கோவிலில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். என் அம்மைக்கு உறக்கம் இல்லை என்று பொய் சொன்னேன். கடைக்காரர் நெல்லிக்காய்த் தளம் வைக்கச் சொன்னார். காய்ந்த நெல்லிக்காயை மோரில் வேகவைத்து, வழவழவென்று அரைத்து, உச்சந்தலையில் அடை மாதிரி அப்பவேண்டும். மேலே வாட்டிய வாழையிலைத் துண்டை வைத்துத் துணியால் கட்டி ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வெளியே போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன். தலை குளுகுளுவென்று ஆனது. ரெண்டு வருசத்தில் முதல்தடவையாகக் கண் சொக்கியது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் எங்கள் பள்ளிக்கூடத்து மூத்த டீச்சர். பாடக்குறிப்பு நோட்டு வாங்க வந்தவள். என் தலையில் வாழையிலையைப் பார்த்ததும் நோட்டை மறந்துவிட்டாள்.

தளம் யாருக்கு வைப்பார்கள் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிறவர்களுக்குத்தான் அதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உஷ்ணம் என்றேன். "உஷ்ணத்துக்கு இலையா வைப்பாவ?" என்று கேட்டுவிட்டு, உட்காராமலேயே போய்விட்டாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? செவ்வாய்க்கிழமைக்குள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே, சான்று வாங்குவதில் சிரமம் இருக்காதே என்று ரொம்ப மெதுவாக விசாரித்தார். மெதுவாக விசாரித்ததுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்காரர் காதுக்கும் இலைக் கதை போயிற்று. அவர் கேலி செய்வார் என்று பார்த்தேன், செய்யவில்லை. மறுநாள் தக்கலையிலிருந்து அருமனைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே அவருடைய சித்தி இருக்கிறாள், வீட்டு முற்றத்திலேயே சாதிக்காய் மரம். மடியிலிருந்து ரெண்டு காயை எடுத்து என் கையில் வைத்தார்.

"சந்தனக் கல்லுல மூணு சுத்து இழைச்சுப் பால்ல குடி. மூணு சுத்துதான். அதுக்கு மேல போகாத, நெஞ்சு எகிறிரும்" என்றார்.

இவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மூன்று சுற்று இழைத்துக் குடித்தேன், உறக்கம் வந்தது. ரெண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் விடிந்தால் ஆஸ்பத்திரி.

என் புத்தியைப் பாருங்கள். அந்த வாரம்தான் நாலாம் வகுப்புக்கு, 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று கரும்பலகையில் எழுதிப் பத்துத் தடவை சொல்லவைத்திருந்தேன். மூன்று சுற்று உறக்கம் தரும் என்றால், அரைக் காய் தைரியம் தராதா என்று கணக்குப் போட்டேன். வீட்டு மரத்துக் காய்தானே, கடைச் சரக்கா, என்ன செய்துவிடும் என்று ஒரு நினைப்பு. விடியுமுன் எழுந்து அரைக் காயை அம்மியில் தட்டிப் பாலில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தேன். நெஞ்சு அடங்கின மாதிரிகூட இருந்தது. சலவைச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு இட்டு, ஒற்றையாகவே பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முதலில் நாக்கு வறண்டது. செம்புத் தண்ணீரைக் குடித்தும் ஒட்டிக்கொண்டது. பிறகு சுவர் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. பெயரைக் கூப்பிட்டபோது அது என் பெயர்தானா என்று சந்தேகம். பிறகு நெஞ்சு தொடங்கியது. அப்படி ஒரு அடியை அந்த ரெண்டு வருசத்திலும் நான் கண்டதில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

லேடி டாக்டர் மலையாளத்து அம்மா, நல்ல வயசு, பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். நாடியைப் பிடித்தாள். என் கண்ணை இழுத்துப் பார்த்தாள். என்ன சாப்பிட்டாய் என்றாள். காப்பி என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. சாதிக்காய் என்றேன், எவ்வளவு என்றும் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மோர் வரவழைத்துக் கொடுத்து உள் அறையில் சாயங்காலம் வரை கிடத்தினாள். போகும்போது, "பயம்னு சொல்ல வெக்கப்படண்டா. சாதிக்காய் தின்னதுக்கு வெக்கப்படு" என்றாள். இன்றைக்கு எதையும் எழுதவில்லை, அடுத்த வாரம் வா, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தளம் இல்லை, சாதிக்காய் இல்லை, நடையும் பிச்சிப்பூவும்தான். சாதிக்காய்க் கதையைக் கேட்டு அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதை கேட்க வந்தவர்களிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரெண்டாம் தடவை ரெண்டுபேருமாகப் போனோம். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாதிக்காய் இல்லாமலே நெஞ்சு குதித்தது. நூற்றுப் பதினெட்டு என்றாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். இனி மறைத்து என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். தக்கலையில் சுட்ட அன்றிலிருந்து என்றேன். இவர் அந்த வெடிக்குள் நின்றார், ரத்தத்தோடு வந்தார், அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன், தினமும் ஆறு மணிக்கு இவர் செத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும் என்றேன். டாக்டர் பேனாவை எடுத்தாள். இதற்கு என்னால் சான்று தர முடியாது, திருவனந்தபுரத்தில் நரம்புக்குப் பார்க்கிற பெரிய டாக்டருக்கு எழுதித் தருகிறேன், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றாள். திருவனந்தபுரத்துக்கு எழுதுவது என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள் ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போனால் என் வேலை அன்றோடு முடிந்தது.

சுவரோரம் நின்றிருந்த அவர் ரெண்டடி முன்னால் வந்தார்.

"டாக்டரம்மா, அவளை அங்க எழுதாதீங்க. பயந்தவன் நானாக்கும்" என்றார்.

டாக்டர் பேனாவைத் தூக்கியபடியே பார்த்தாள். அவர் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். அன்று காலையில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டதுமே ஆபீசின் பின்சுவரில் ஏறிக் குதித்துவிட்டாராம். முள்வேலியில் கை கிழிந்தது, சட்டையில் இருந்தது அவருடைய ரத்தமேதான். ரப்பர் தோட்டம் வழியாக ஓடியும் நடந்தும் அருமனைக்குப் போய், சித்தி வீட்டில் பாயை விரித்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். சித்திதான் சாதிக்காயை இழைத்துக் கொடுத்து, மறுநாள் விடியற்காலையில் தேற்றி அனுப்பியிருக்கிறாள்.

"வெடிச் சத்தம்கூட நான் கேக்கல்ல" என்றார்.

என் மணிக்கட்டு அப்போதும் டாக்டர் விரல்களுக்குள்தான் இருந்தது. எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ரெண்டு வருசம் நான் செத்துச் செத்துப் பிழைத்தது இவர் காதால்கூடக் கேட்காத ஒரு வெடிக்கா? வந்தவன் போனவன் எல்லோர் முன்னாலும் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கினது இந்த மனுஷனுக்காகவா? சுவரேறிக் குதித்தவர் கதாநாயகன், சட்டை துவைத்தவள் கிறுக்கி. நல்ல நியாயம். அவர் பயந்ததைக்கூட மன்னித்துவிடலாம், யாருக்குத்தான் பயம் இல்லை? என் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையை வாராவாரம் சொன்னாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னாள். என் கையை விடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, எண்பத்தாறு என்றாள். இருந்த கோபத்தில் நாடியைப் பற்றி நான் மறந்தே போயிருந்தேன். அவள் இன்னொரு முழு நிமிஷம் எண்ணிப் பார்த்தாள். பிறகு திருவனந்தபுரத்துக்கு என்று எடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சான்றைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். மூத்த டீச்சர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பத்து நாளில் நிரந்தர உத்தரவு வந்தது. அந்தப் பத்து நாளும் சோறு போட்டேன், வேட்டி துவைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அவரும் ஒரு சமாதானமும் சொல்லிப் பார்க்கவில்லை. உத்தரவு வந்த மறுநாள் காலையில் குடையும் சோற்றுப் பாத்திரமுமாகக் கிளம்பியவர், படியில் காலை வைத்துவிட்டு இறங்காமல் நின்றார். பஸ் போய்விடும் என்றேன். அதுதான் நான் பேசிய முதல் பேச்சு.

"ரெண்டு வருசமா அந்த ஆபீசு வாசல்ல போய் எறங்கும்போ எனக்குக் காலு நடுங்குது. நீ சிரிப்பேன்னு சொல்லல்ல" என்றார்.

நானா சிரிப்பேன்? எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறியது என்று இப்போது சொன்னால் அது பொய். அவர் முகத்தைப் பார்த்தேன், ஆறு மணிக்கு என் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய்ச் சேலையை மாற்றினேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பஸ் ஹாரன் அடித்தபோது வழக்கம்போல நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று ஏறிவிட்டேன். நாகர்கோவிலில் பஸ் மாறி, தக்கலையில் இறங்கி, அந்த ஆபீஸ் வாசல் வரை கூடவே நடந்து, அவரை உள்ளே அனுப்பிவிட்டு வந்தேன். நிரந்தர டீச்சராக நான் எடுத்த முதல் லீவு அதுதான்.